சுழி சரி, அளவு சரியா?

கடல்நீர் மீன்தொட்டி வளர்ப்போர் பலரிடம் ஒரு சிறு கருவி இருக்கும். ஒரு சாண் நீளமுள்ள குழாய். ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு வில்லை. மறு முனையில் சாய்வாக ஒரு முப்பட்டகம். அதை மூடித் திறக்க ஒரு பிளாஸ்டிக் தகடு. முப்பட்டகத்தின்மேல் இரண்டு சொட்டுத் தொட்டிநீரை விட்டு மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், நீலமும் வெண்மையும் சந்திக்கும் கோடு ஓர் அளவுகோலின் குறுக்கே தெரியும். கோடு நிற்கும் எண்ணை நீரின் உவர்ப்பு என்று கொள்கிறோம். இதுவே ஒளிவிலகல்மானி. கடையில் 'ரிஃப்ராக்டோமீட்டர்' என்று கேட்டால் தருவார்கள்.

இக்கருவியுடன் வழக்கமாக ஒரு குறிப்புத்தாள் வரும். காய்ச்சி வடித்த நீரை விட்டு, கோடு சுழியில் வந்து நிற்கும்வரை திருகைத் திருப்புங்கள். பிறகு கருவியைப் பயன்படுத்தலாம் என்று அது கூறும். அந்தக் குறிப்பைத்தான் இங்கே விமரிசிக்க விரும்புகிறேன். அது சொல்வது பொய்யன்று. ஆனால் பாதி உண்மை. அதை முழு உண்மையாக நம்புவதன் பலனைத் தொட்டியிலுள்ள உயிர்கள் அனுபவிக்கின்றன.

முதலில், உவர்ப்பு அவ்வளவு முக்கியமா என்று கேட்பீர்கள். திறந்த பெருங்கடலில் ஒரு கிலோகிராம் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. தொட்டியிலோ நீர் நாள்தோறும் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஆகவே உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். நன்னீர் ஊற்றி அதைச் சமன் செய்ய வேண்டும். மீன்கள் தம் இரத்தத்தின் உப்பளவைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் உடையவை. சிறு மாறுதலைத் தாங்கும். நட்சத்திர மீன், கடல் முள்ளெலி போன்றவற்றுக்கு அந்த வசதி இல்லை. அவற்றின் உடல்நீர் வெளியிலுள்ள கடல்நீரோடு ஒத்தே இருக்கும். வெளியே உவர்ப்பு குறைந்தால் சவ்வூடு பரவல் விதிப்படி நீர் அவற்றின் உடலுக்குள் புகும். கருவி தவறினால் முதலில் வாடுபவை இவையே.

இனி, கருவிக்கு வருவோம். சுழி சரியாக இருந்தால் அளவு முழுவதும் சரியாக இருக்குமா? ஒரு தராசை எண்ணிப் பாருங்கள். இரு தட்டுகளும் காலியாக இருக்கும்போது முள் நடுவில் நிற்கிறது. வாங்க வந்தவர் திருப்தி அடைகிறார். ஆனால் தராசுக் கோலின் ஒரு கை 50 செ.மீ., மறு கை 51 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தட்டுகளின் எடையைச் சற்று மாற்றி, காலித் தராசின் முள்ளை நடுவில் நிறுத்திவிடலாம். எனினும் நீண்ட கைப் பக்கம் பொருளை வைத்து ஒரு கிலோ நிறுத்தால் ஏறக்குறைய 20 கிராம் குறையும். ஐந்து கிலோவுக்கு 100 கிராம் குறையும். சுழியில் பிழையே இல்லை. எடை கூடக் கூடப் பிழையும் கூடுகிறது. இதைச் சரிவுப் பிழை எனலாம். காலித் தராசைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எடைக்கல்லை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒளிவிலகல்மானியிலும் இதே நிலைதான். 20 டிகிரி செல்சியசில் தூய நீரின் ஒளிவிலகல் எண் 1.3330, 35 உவர்ப்புள்ள கடல்நீருக்கு 1.3394. இடையிலுள்ள 0.0064 என்னும் சிறு வேறுபாட்டைத்தான் கருவி 35 பாகங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. முப்பட்டகக் கண்ணாடியிலோ அளவுகோலிலோ சிறு குறை இருந்தாலும், சுழியில் சரியாக நிற்கும் கோடு 35-இல் விலகி நிற்கும்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. கடைகளில் விற்கும் கருவிகளில் பல, கடல்நீருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சாதாரண உப்புக் கரைசலுக்காக, அதாவது சோடியம் குளோரைடு கரைசலுக்காக அளவிடப்பட்டவை. கடல்நீர் வெறும் உப்புத் தண்ணீர் அன்று. 'சாலஞ்சர்' கப்பல் உலகெங்கும் சேகரித்த நீரில் 77 மாதிரிகளை ஆராய்ந்த வில்லியம் டிட்மார், 1884-இல் ஓர் உண்மையை நிலைநாட்டினார்: எக்கடலின் நீரானாலும், முதன்மையான உப்புகளுக்கு இடையே உள்ள விகிதம் கிட்டத்தட்ட மாறுவதில்லை. ஒரே ஒரு பண்பை அளந்து மொத்த உவர்ப்பையும் கூற முடிவது இதனால்தான். அந்த விகிதத்தில் குளோரைடும் சோடியமும் சேர்ந்து 86 விழுக்காடு அளவே. மீதி சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியன. இவையும் ஒளியைத் தம் போக்கில் விலக்குகின்றன.

விளைவு என்ன? உப்புக்கான கருவியைத் தூய நீரில் மிகச் சரியாகச் சுழியில் நிறுத்தினாலும், 35 உவர்ப்புள்ள உண்மையான கடல்நீரை அது 36.5 என்று காட்டும். அது 35 காட்டும்படி நீங்கள் தொட்டியை வைத்தால் உண்மை உவர்ப்பு 33.6 அளவே. இந்த ஒன்றரைப் பங்கு மட்டும் உயிரைக் கொன்றுவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இதோடு சரிவுப் பிழையும் அதே திசையில் சேர்ந்துவிட்டால் நிலைமை மாறும். அப்போதும் கருவி '35' என்றே காட்டும். வளர்ப்பவர் உணவை மாற்றுவார், மருந்தை ஊற்றுவார். கருவியை மட்டும் சந்தேகிக்க மாட்டார்.

உங்கள் கருவி எந்த வகை? அளவுகோலையே பாருங்கள். பலவற்றில் உவர்ப்புக்கு எதிரே ஒப்படர்த்தியும் குறிக்கப்பட்டிருக்கும். 35-க்கு நேராக 1.0265-ஐ ஒட்டிய எண் இருந்தால் அது கடல்நீருக்கானது. 1.025 இருந்தால் உப்புக் கரைசலுக்கானது.

எவ்வகையானாலும் மருந்து ஒன்றே: எங்கே அளக்கப் போகிறோமோ அங்கே சரிபார்க்க வேண்டும். தூய சோடியம் குளோரைடு 36.5 கிராமை 963.5 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். இக்கரைசலின் ஒளிவிலகல் எண்ணும் 35 உவர்ப்புக் கடல்நீரின் ஒளிவிலகல் எண்ணும் ஒன்றே. இதை முப்பட்டகத்தில் விட்டுக் கோட்டை 35-இல் நிறுத்துங்கள். பிறகு தூய நீரை விட்டால் கோடு சுழியில் நில்லாது போகலாம், கவலை வேண்டாம். உங்கள் தொட்டி இருப்பது 35-இன் அருகே, சுழியில் அன்று. உப்பை நிறுக்கும்முன் வறுத்து, மூடி ஆறவிடுவது நல்லது. கடலோர ஊர்களில் உப்பு எளிதில் ஈரம் வாங்கிவிடும். கரைசலை இறுக மூடிய புட்டியில் வையுங்கள். கடையில் கரைசல் வாங்குவோர், '35' என்பது எதன் 35 என்று கேட்டு வாங்குங்கள்.

வெப்பநிலையையும் மறக்கலாகாது. கருவி தானே வெப்பநிலையைத் திருத்திக்கொள்ளும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அத்திருத்தம் பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைக்கே உரியது. சித்திரை வெயிலில் நம் அறைகள் அதைத் தாண்டிவிடுகின்றன. சொட்டு விட்டபின் அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மின்விசிறியின் கீழே வேண்டாம். சொட்டு ஆவியானால் உவர்ப்பு கூடித் தோன்றும்.

மற்றக் கருவிகளுக்கும் இவ்விதி பொருந்தும். ஊசலாடும் முள்ளுள்ள திரவமானியில், முள்ளில் காற்றுக்குமிழ் ஒட்டினால் அளவு கூடுதலாகவும், உப்பு படிந்தால் குறைவாகவும் தெரியும். மின்கடத்துதிறன் மானியை, 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமென்ஸ் என்னும் மதிப்பை ஒட்டிய திட்டக் கரைசலில் சரிபார்க்க வேண்டும். மேலே சொன்ன உப்புக் கரைசல் இவ்விரண்டுக்கும் உதவாது. ஒளிவிலகலில் கடல்நீரை ஒத்தது, அடர்த்தியிலும் மின்கடத்துதிறனிலும் அவ்வாறே ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை.

குறிப்புத்தாளை மட்டும் குறை கூறி முடிப்பது நியாயமாகாது. மேல்நிலை வகுப்பு ஆய்வகத்தில் வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் கையில் எடுத்ததும் மாணவர் செய்வது சுழிப்பிழை காண்பது. அது நல்ல பழக்கம். ஆனால் அத்துடன் கருவியின் யோக்கியதை முடிவாகிவிட்டது என்ற எண்ணத்தை ஆசிரியர்களாகிய நாமே வளர்க்கிறோம். 20 மில்லிமீட்டர் என்று உறுதியாகத் தெரிந்த ஓர் உலோகத் துண்டைக் கொடுத்து, இதை உன் கருவி எவ்வளவு என்கிறது என்று நாம் கேட்பது அரிது. அப்படிக் கேட்டுப் பழகிய மாணவர், நாளை மீன்தொட்டி வைத்தாலும் மருத்துவமனையில் இரத்த அழுத்தமானியைக் கையில் எடுத்தாலும், சுழியைப் பார்த்ததோடு நிற்கமாட்டார். அளக்க வேண்டிய இடத்தில் கருவி உண்மை பேசுகிறதா என்று ஒருமுறை சோதித்த பிறகே அதன் சொல்லை நம்புவார்.