பாத்திரத்தின் தேய்மானம்

வில்லியம் ஹாரிசன் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில், ராட்வின்டர் என்ற ஊரில் பாதிரியாராக இருந்தவர். தன் நாட்டு மக்கள் எதை உண்டார்கள், எதை உடுத்தினார்கள், எப்படி வீடு கட்டினார்கள் என்றெல்லாம் அவர் எழுதிவைத்த இங்கிலாந்து விவரணம், ஹோலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுதியோடு சேர்ந்து 1577இல் வெளிவந்தது, 1587இல் விரிவாக்கப்பட்டது. அதில் உணவு பற்றிய அத்தியாயத்தில் ஒரு நீண்ட பகுதி, அவர் வீட்டில் மாதம் ஒருமுறை பியர் வடிப்பதைச் சொல்கிறது. வடிப்பது அவர் மனைவி. உடன் வேலைக்காரப் பெண்கள். மனைவி பலமுறை சொல்லக் கேட்டே இதை எழுதுகிறேன் என்று ஹாரிசன் ஒப்புக்கொள்கிறார். பதினாறாம் நூற்றாண்டு ஆண் ஒருவரிடம் இந்த நேர்மை அபூர்வம் என்பதால், முதல் வாசிப்பில் எனக்கு அவரைப் பிடித்துத்தான் போயிற்று.

தமிழில் சொல்லும்போது ஒரு சிக்கல். மூலத்தில் ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் அந்தப் பெண்தான். 'அவர்' என்று மரியாதை கொடுத்தால் பெண் மறைந்துபோகிறாள். அதனால் இங்கே 'அவள்' என்றே எழுதுகிறேன்.

எட்டு புஷல் மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியம். மில்லில் கொடுக்கும் கூலி மிச்சமாகட்டும் என்று வீட்டுத் திரிகையிலேயே அதை அரைக்கிறாள். கொஞ்சம் கோதுமை மாவும் ஓட்ஸ் மாவும் எது எதென்று தெரியாதபடி அதில் கலக்கிறாள். கொப்பரை ஒன்றுதான், எண்பது காலன் பிடிக்கும். முதல் தண்ணீர் கொதித்ததும் மால்ட்டின் மேல் மெதுவாக ஊற்றுகிறாள், கிளறுவதில்லை. அது ஊறும் நேரத்தில் இரண்டாம் தண்ணீர் அடுப்பில் ஏறிவிடுகிறது. முதல் சாறு வடிந்து நிற்பதை, ஒழுகும் தாரையின் வேகம் குறைவதைப் பார்த்தே அறிகிறாள். உடனே இரண்டாம் தண்ணீர் மால்ட்டுக்கு. காலியான கொப்பரைக்கு முதல் சாறு, இரண்டு பவுண்டு ஹாப்ஸ் பூவோடு. கோடையில் இரண்டு மணி நேரம் கொதி, குளிர்காலத்தில் ஒன்றரை. அதற்கு முன்பே எட்டொன்பது காலன் எடுத்துக் காற்றுப் புகாமல் மூடி வைத்திருப்பாள். பியருக்குப் பொன்னிறம் கொடுப்பது அதுதானாம், அதற்கு அவளிடம் தனிப் பெயர்கூட இருக்கிறது. முதல் சாறு இறங்கி ஆறும்போது இரண்டாவது கொப்பரையில், மூன்றாவதற்கான தண்ணீர் அடுத்த முறைக்குக் காத்திருக்கிறது.

ஒரே அடுப்பு, ஒரே தானியம், மூன்று வடிப்பு. ஒன்று கொதிக்க, ஒன்று ஊற, ஒன்று ஆற, மூன்றும் ஒரே பகலில் அவள் தலைக்குள் ஓடுகின்றன. எதிலாவது தாமதித்தால் மற்ற இரண்டும் கெடும். இதை ஒரு செய்முறைக் குறிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது ஒரு நிர்வாகம்.

பத்துப்பாட்டு நடத்துகிறவளுக்கு இந்த இடத்தில் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வராமல் இருக்காது. வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் பகுதியில், குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாய்த் தட்டில் ஆற்றி, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் விளைந்ததை விரலால் அரிப்பது வரை எல்லாம் இருக்கிறது. முளைத்த தானியத்தைக் கொண்டு புளிக்கவைப்பதால் இது பியருக்கு நெருங்கிய உறவு. (படித்துவிட்டு யாரும் சாடியைத் தேடவேண்டாம். நம்மூரில் அது குற்றம்.) ஆனால் துழாவியது யார், ஆற்றியது யார்? வினையெச்சங்களாகவே ஓடும் அந்த வரிகளில் செய்தவருக்கு இடமே இல்லை. நம் வினையெச்சம் பால் காட்டாது; இலக்கணத்தில் அது குறையல்ல, இங்கே மட்டும் வசதியாகப் போய்விட்டது. சிறுபாணாற்றுப்படையில் நிலைமை நேர்எதிர். அலை கொண்டுவந்து போட்ட மணமுள்ள மரக்கட்டைகள் துயிலும் ஒட்டகங்களைப்போல் கிடக்கின்றன. அதையே விறகாக்கித் தீ மூட்டி, தேறலை அரித்தவள் நுளையர் மகள் என்று தெளிவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அவளைப் பற்றி நமக்குக் கிடைப்பது நிலவும் ஏங்கும் முகமும் வேல்முனைப் பார்வையும். ஒன்றில் வேலை இருக்கிறது, ஆள் இல்லை. மற்றதில் ஆள் இருக்கிறாள், வேலை ஒரே ஒரு வினையில் முடிந்துவிடுகிறது. வேலையையும் வேலை செய்தவளையும் ஒரே வாக்கியத்தில் வைத்த அளவில் ஹாரிசன் ஒரு படி மேல் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அடுத்து அவர் கணக்குப் போடுகிறார்.

ஆண்டுக்கு நாற்பது பவுண்டு வருமானத்தில் வாழும் ஏழை நான் என்று முதலில் அலுத்துக்கொள்கிறார். பிறகு ஒரு முறை வடிக்க ஆகும் செலவு: மால்ட் பத்து ஷில்லிங். விலைகொடுத்து வாங்கும் விறகு நான்கு ஷில்லிங். ஹாப்ஸ் இருபது பென்ஸ். வாசனைப் பொருள் இரண்டு பென்ஸ். வேலைக்காரப் பெண்களின் கூலி, சாப்பாட்டோடு சேர்த்து, இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். பாத்திரங்களின் தேய்மானம் இருபது பென்ஸ். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங் என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள், சரியாக இருபது ஷில்லிங் வரும். இருநூறு காலனுக்கு மேல் பியர்.

நானும் கூட்டிப் பார்த்தேன், ஒரு பென்ஸ்கூட உதைக்கவில்லை. அவளுக்கு அதில் எதுவும் இல்லை. ஒரு நாளில் எத்தனையோ முறை கொதிநீர் சுமந்த பாத்திரம் தேய்கிறது, அந்தத் தேய்மானத்துக்கு விலை உண்டு. சுமந்தவள் தேய்வதில்லை. செய்முறை முழுக்க 'அவள்', 'அவள்' என்று ஓடிய உரைநடை கணக்குக்கு வந்ததும் 'என் மால்ட்', 'என் விறகு', 'என் ஹாப்ஸ்', 'என் பாத்திரம்' என்று மாறுகிறது. அவருக்கு இதில் வஞ்சகம் ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. வஞ்சகமாக இருந்திருந்தால் இதைப் பற்றி எழுத எனக்கு அவ்வளவு இருந்திருக்காது. வாசனைக்குச் சிலர் திப்பிலியை மட்டும் போடுவார்கள், அவள் கருத்திலும் என் ருசியிலும் அது அவ்வளவு நன்றாக இல்லை என்று எழுதுகிற அளவுக்கு மனைவியின் அபிப்பிராயத்தை மதித்தவர் அவர். அபிப்பிராயத்துக்கு இடம் இருந்தது, உழைப்புக்கு நிரல் இல்லை.

ஹாரிசன் வீட்டில் மூன்று வடிப்பையும் கடைசியில் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். பல வீடுகளில் அப்படி இல்லை. முதல் வடிப்பு கெட்டியான பியராகத் தனியே நிற்கும். அடுத்தடுத்த தண்ணீரில் இறங்கிய நீர்த்த பியர் வேலைக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும். இதை விளங்கிக்கொள்ள நமக்கு இங்கிலாந்து வரலாறு தேவையில்லை. எங்கள் வீட்டில் பித்தளை ஃபில்டர் ஒன்று இருந்தது. முதல் டிகாஷன் அப்பாவுக்கும் வந்தவர்களுக்கும். அதே தூளில் இன்னொரு முறை வெந்நீர் ஊற்றி இறக்கிய இரண்டாம் டிகாஷன் அம்மாவுக்கும், பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கும். அம்மாவிடம் கேட்டால், எனக்கு அதுதான் பிடிக்கும் என்பார். இருபது வருடம் நான் அதை நம்பினேன்.

வடித்து விற்ற பெண்களைப் பற்றி ஜூடித் பென்னட் 1996இல் எழுதிய ஏல், பியர், இங்கிலாந்தின் வடிப்புப் பெண்கள் பற்றிய நூல் இத்துறையில் தவிர்க்க முடியாதது. ஹாப்ஸ் போடாத பழைய ஏல் சில நாட்களில் புளித்துவிடும். அடிக்கடி, சிறிது சிறிதாக வடிக்க வேண்டும். ஆகவே அது வீட்டுக்கும் பெண்ணுக்கும் உரிய தொழிலாக இருந்தது. ஹாப்ஸ் போட்ட பியர் மாதக்கணக்கில் தாங்கும். பெரிய கொப்பரை, பெரிய முதல், தூரத்துச் சந்தை என்று வளர்ந்தது. 1300இல் பெண்களிடம் இருந்த தொழில் 1600க்குள் ஆண்கள் கைக்குப் போயிற்று. முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் மணமாகாதவர்களும் கைம்பெண்களும். பென்னட்டின் துணிச்சல், இதை ஒரு பொற்காலத்தின் வீழ்ச்சியாகச் சொல்ல மறுப்பதில் இருக்கிறது. பெண்களிடம் இருந்தவரை அது லாபம் குறைந்த, மதிப்புக் குறைந்த வேலை. மதிப்பு வந்தபோது அது பெண்களிடம் இல்லை. நம் மாணவிகள் தாய்வழிச் சமூகம், பொற்காலம் என்று தொடங்கும்போதெல்லாம் இந்தப் புத்தகத்தை நான் நீட்டுவேன்.

ஆனால் அவருடைய முதன்மைச் சான்றுகள் விற்பனைக்கு வடித்தவர்களிடம் அபராதம் வாங்கிய நீதிமன்றப் பதிவுகள். அவற்றிலும் மனைவி வடிக்க, கணவன் பெயர் ஏறிய இடங்கள் உண்டு என்று அவரே காட்டுகிறார். விற்காதவள் எந்தப் பதிவிலும் இல்லை. தொழில் ஆண்களிடம் போன பிறகும் ராட்வின்டர் அடுப்பு மாதந்தோறும் எரிந்தது. அதன் புகை பென்னட்டின் புத்தகத்துக்குள் அதிகம் வரவில்லை என்பது என் குறை. அவர் எடுத்துக்கொண்ட பொருள் அதுவல்ல என்று பதில் சொல்லலாம். சொல்லட்டும், குறை குறைதான்.

வடித்த பெண் தானே பேசும் பிரதி கிடைப்பது அரிது. லின் நகரத்து மார்ஜரி கெம்ப் சொல்லி எழுதவைத்த, 1934இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட புத்தகத்தில் அது கொஞ்சம் இருக்கிறது. மூன்று நான்கு வருடம் ஊரின் பெரிய வடிப்பாளர்களில் ஒருத்தியாக இருந்தவள். பிறகு நன்றாகப் பொங்கி நின்ற நுரை திடீரென்று அமுங்க, ஒவ்வொரு வடிப்பாகக் கெட்டுப்போகிறது. வேலையாட்கள் வெட்கப்பட்டு விலகுகிறார்கள். தொழில் தெரிந்த கையோடு அதைச் சொல்லத் தொடங்கியவள், உடனே இது என் கர்வத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று முடித்துக்கொள்கிறாள். ஈஸ்ட் என்ற உயிரைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது, உண்மைதான். ஆனால் நட்டப்பட்ட ஆண் வியாபாரிகள் அத்தனை பேரும் தங்கள் கர்வத்தையா காரணமாகச் சொன்னார்கள்?

ஹாரிசனிடம் எனக்கு இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மூன்றாம் சாற்றைக் கொதிக்கவைக்கும்போது புது ஹாப்ஸ் போட வேண்டும். ஒன்றரை பவுண்டா, இரண்டா என்பதைப் பூவின் தரம் பார்த்து அவளே முடிவு செய்வாள் என்கிறார். காலன், பவுண்டு, பென்ஸ் என்று எல்லாவற்றையும் எழுதிய மனிதர், அந்தத் தரத்தை அவள் முகர்ந்து அறிந்தாளா, விரலில் கசக்கி அறிந்தாளா, நாக்கில் வைத்து அறிந்தாளா என்று எழுதவில்லை. பக்கத்து அறையில்தான் இருந்திருப்பாள்.