வகுப்பறையை யார் தருவது?

‘இயங்கலைக் கல்வியின் நன்மை தீமைகள்’ என்பது இன்று தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு அடிக்கடி தரப்படும் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று. நன்மையில் மூன்று, தீமையில் மூன்று என அடுக்கி, அளவோடு பயன்படுத்தினால் நலமே விளையும் என்று மாணவர் முடித்துவிடுகின்றனர். தலைப்பில் குற்றமில்லை. ஆயினும், நன்மையும் தீமையும் அந்தக் கருவிக்குள்ளேயே அடங்கிக் கிடப்பன என்ற எண்ணத்தை அது ஏற்படுத்திவிடுகிறது. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தம்பின் மாவட்டத் தோட்டங்களில் வாழ்ந்த பிள்ளைகளின் நிலையை வைத்து 2020, 2021 ஆகிய ஈராண்டுகளை எண்ணிப் பார்ப்போர்க்கு வேறோர் உண்மை புலப்படும். ஒரே ஆசிரியர் நடத்திய ஒரே பாடம் ஒரு வீட்டில் நன்மையாகவும் அடுத்த வீட்டில் வெறுமையாகவும் முடியக்கூடும். வேற்றுமை பாடத்தில் இல்லை; பாடம் சென்று சேர்ந்த இடத்தில் இருந்தது.

இதனை விளங்கிக்கொள்ளத் தோட்டப் பள்ளியின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர்தல் வேண்டும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அத்தோட்டத்தில் பள்ளி அமைக்கவேண்டிய கடமையை முதலாளியின்மீது சுமத்தியது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பல குறையுடையனவே. கொட்டகை ஒன்றே வகுப்பறையாகவும், கங்காணியோ கிராணியோ ஆசிரியராகவும் இருந்த இடங்கள் உண்டு. எனினும் அச்சட்டத்துள் ஒரு நல்ல நெறி பொதிந்திருந்தது. படிக்க வேண்டியது பிள்ளையின் கடமை. படிக்கும் இடத்தைத் தரவேண்டியது பிறர் கடமை என்பதே அந்நெறி. தம்பின், ரெப்பா, கெமெஞ்சே, கிம்மாஸ் என விரிந்த இவ்வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. அந்நெறி மட்டும் மாறாமல் இருந்து வந்தது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அது மாறியது. பள்ளிக் கதவுகள் அடைபட்டன. இடையில் திறந்து, நவம்பர் 9இல் நாடு முழுவதும் மீண்டும் அடைபட்டன. 2021இலும் பல மாதங்கள் இல்லிருப்புக் கற்றலிலேயே கழிந்தன. பாடத்தை அரசு தந்தது, ஆசிரியரையும் தந்தது. ஆனால் வகுப்பறையைத் தரும் பொறுப்பு, எவரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே, குடும்பத்தின் தலையில் இறங்கியது. கல்வியமைச்சு 2020இல் நடத்திய ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவரிடம் மின்கருவி ஏதும் இல்லை எனத் தெரியவந்தது. சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி, தேர்வெழுத அலைத்தொடர்பு தேடி மரத்தின்மீது ஏறியது அவ்வாண்டின் செய்தி. இது மலேசியாவுக்கு மட்டும் உரிய துன்பமன்று. உலகப் பள்ளி வயதுப் பிள்ளைகளுள் மூன்றில் இரு பங்கினரின் வீட்டில் இணைய வசதி இல்லை என யுனிசெப் நிறுவனமும் அதே ஆண்டில் எடுத்துரைத்தது.

இனி, நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. முப்பது பேர் அமர்ந்த வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் தனித்துக் கேட்க ஆசிரியர்க்கு நேரம் வாய்ப்பதில்லை. புலனம் வழியே வரும் ஒலிப்பதிவு அக்குறையைத் தீர்க்கவல்லது. கூச்சமுள்ள பிள்ளை நான்கு முறை படித்துப் பார்த்து, ஐந்தாம் முறை பதிவு செய்து அனுப்பலாம். லகர, ளகர, ழகர வேறுபாட்டில் அப்பிள்ளை எங்கே வழுக்குகிறது என்பதை ஆசிரியர் மீண்டும் மீண்டும் கேட்டு, அப்பிள்ளைக்கு மட்டும் திருத்தம் சொல்லலாம். கிம்மாஸ் மாணவர் பினாங்கு மாணவரோடு கதை சொல்லும் போட்டியில் கலந்துகொள்ளவும் இயலும். இவை சிறிய பயன்கள் அல்ல.

ஆனால் இப்பயன்களைப் பெறுவதற்கு வீடு நான்கு பொருள்களைத் தந்தாக வேண்டும்: கருவி, தொடர்பு, இடம், துணை. விடியுமுன் வேலைக்காட்டுக்குச் செல்லும் பெற்றோரிடம் ஒரே கைப்பேசி இருக்குமாயின், காலைப் பாடம் நடக்கும் வேளையில் அது காட்டில் இருக்கும். மாலையில் அது வீடு திரும்பும்போது மூன்று பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பர். லயத்து வீட்டின் ஒற்றைக் கூடத்தில் தொலைக்காட்சியும் கைக்குழந்தையின் அழுகையும் சேர்ந்து ஒலிக்கையில் ழகரத்தைப் பிரித்துக் கேட்பது யாங்ஙனம்? முதலாம் ஆண்டுப் பிள்ளை எழுத்தைத் தலைகீழாகத் தொடங்கிச் சுழிப்பதைத் திரை காட்டாது. முடிந்த எழுத்தின் படத்தையே காட்டும். அருகில் நின்று விரலைப் பிடித்துத் திருத்தும் கை அங்கு இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் தகாது. 2021 பிப்ரவரி 17இல் ‘டிடிக் டிவி’ கல்வி அலைவரிசை தொடங்கப்பெற்றது. ‘செர்டிக்’ திட்டத்தின்வழி 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்க்கு மின்கருவி வழங்கத் திட்டமிடப்பட்டது. இல்லிருப்புக் கற்றலுக்கான வழிகாட்டியும் இணையம் இல்லாத முறைகளுக்கு இடமளித்தது. ஆயினும் ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். 2011இல் அறிவிக்கப்பட்டு 2019இல் முடிவுக்கு வந்த ‘ஒன் பெஸ்தாரிநெட்’ திட்டம் நாட்டின் ஏறத்தாழப் பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையத்தைக் கொண்டுசெல்ல முனைந்தது. பள்ளியே அடைபட்ட நாளில், பள்ளிவரை வந்த இணையத்தால் லயத்துப் பிள்ளைக்கு என்ன பயன்? திட்டமிட்டோர் பள்ளியை எண்ணினர்; பள்ளி முடிந்து பிள்ளை திரும்பும் வீட்டை எண்ணவில்லை.

‘இது வறுமையின் குற்றம், கருவியின் குற்றமன்று’ என்பார் உளர். உண்மையே. ஆனால் வறுமையைச் சற்றேனும் மறக்கச் செய்யும் இடமாகப் பள்ளி இருந்து வந்துள்ளது. வகுப்பறையில் மேலாளர் மகனுக்கும் பால் வெட்டுபவர் மகளுக்கும் ஒரே கரும்பலகை, ஒரே மேசை. அந்தச் சமநிலையைக் குலைத்ததே இயங்கலைக் கல்வியின் பெருங்குறை. தேர்வில் பிள்ளை பெறும் புள்ளியில் அதன் உழைப்போடு வீட்டின் அகலமும் கலந்துவிட்டது.

பெருந்தொற்று அடங்கிவிட்டது, எனவே இவ்வாராய்ச்சி பழங்கதை என்று எண்ண வேண்டா. வீட்டுப்பாடம் புலனத்தில் வருவதும், விடுமுறையில் இணையப் பயிற்சி தரப்படுவதும் நிலைத்துவிட்ட வழக்கங்கள். ஆதலின், செய்ய வேண்டுவனவும் உள. மாதந்தோறும் சிறுதொகை செலுத்தித் தோட்டங்களையே வாங்கும் நோக்குடன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை வளர்த்த சமுதாயம் இது. கோயில் மண்டபத்திலோ பொது மண்டபத்திலோ ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் இணையத் தொடர்பு, பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் என ஏற்பாடு செய்வது அதற்கு இயலாத செயலன்று.

ஆசிரியர்க்கும் ஒரு பணி உண்டு. இயங்கலையில் வந்தவர், வாராதவர் என்று மட்டும் வருகைப் பதிவு எழுதுவது போதாது. கருவி, தொடர்பு, இடம், துணை என்னும் நான்கு கட்டங்களை ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரே வரைந்து, எது இல்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். நான்கும் நிறைந்த பிள்ளைக்கு இணையப் பாடம் தரலாம். நிறையாத பிள்ளைக்கு அச்சிட்ட பயிற்சித்தாள் தரலாம். அல்லது பள்ளி முடிந்தபின் வகுப்பறையை இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைக்கலாம். அதன்பின் பாடம் முடிக்காத பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல நேர்ந்தால் சொல்லலாம்; அதற்கு முன் சொல்லுதல் முறையன்று.