ஜீனோவின் குறும்பும் வாசகரின் மறதியும்

அறிவியல் புனைகதை ஒன்றின் பெயரைச் சொல்லுமாறு தமிழ் வாசகரைக் கேட்டால், பெரும்பாலோர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைத்தான் சொல்வர். கதை என்ன என்று தொடர்ந்து கேட்டால் சற்றுத் தயங்குவர். பிறகு முகம் மலர, "அந்த நாய்க்குட்டி, ஜீனோ!" என்பர். நாவலின் நாயகி நிலாவை மறந்தவருண்டு. அவளுடைய கணவன் சிபியை அநேகமாக எல்லாருமே மறந்துவிட்டனர். இயந்திர நாயை மறந்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. ஒரு நூலுக்கு இது பெருமையா, குறையா என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. அண்மையில் பாளையங்கோட்டையில் நண்பர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் சிலர் கூடி இந்நூலைப் பேசிய மாலைப்பொழுது, அந்த ஐயத்திற்கு ஒரு வடிவம் தந்தது.

பேச்சுக்குள் புகுமுன், நூலை அறியாதோர்க்குச் சில செய்திகள். 1980களின் பிற்பகுதியில் 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்து, பின்னர் நூலாகி, தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பான கதை இது. 'மீண்டும் ஜீனோ' என்பது இதன் இரண்டாம் பாகம். வருங்கால இந்தியாவை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறான். யார் எப்போது குழந்தை பெறலாம் என்பதை அரசு தீர்மானிக்கிறது. பெயர்களுக்குக்கூட இரண்டெழுத்துதான் அனுமதி. பாத்திரங்களின் பெயர்களை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். குறிப்பிட்ட வயதை எட்டிய முதியோருக்கு அந்நாட்டில் உயிர்வாழ உரிமை இல்லை. கணவனைக் காணாமல் தவிக்கும் நிலாவின் வீட்டிற்கு ரவி என்னும் அந்நியன் தன் இயந்திர நாயுடன் குடிவருகிறான். ஜீவாவோ உண்மையில் ஒரு மனிதனே அல்லன், ஒளியால் ஆன வெறும் பிம்பம் என்பது பின்னர் வெளிப்படுகிறது.

எழுதியவர் புனைவைத் தொழில்நுட்பத்திலிருந்து எட்ட நின்று பார்த்தவரல்லர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பொறியாளராகி, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணிபுரிந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்ட எஸ். ரங்கராஜனே சுஜாதா. சர்வாதிகாரம் பற்றிய தொடர்கதையை எழுதியவரும், குடிமகன் விரலுக்கு வாக்குப் பொத்தானை அமைத்துத் தந்தோருள் ஒருவரும் ஒரே ஆள் என்பது எண்ணி மகிழத்தக்க பொருத்தம்.

எங்கள் கூட்டத்தில் முதலில் பேசியவர், வெளியூரில் கணினிப் பணிசெய்து விடுமுறைக்கு வந்திருந்த இளைஞர். கதை காட்டிய காலம் இன்று நமக்குப் பின்னே போய்விட்டது. ஆகவே எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அவர் பட்டியலிட்டார். இத்தகைய கணக்கெடுப்பு வாசகரிடையே மிகுதி. இதைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. பஞ்சாங்கத்தைத்தான் பலித்ததா என்று சோதிக்க வேண்டும், நாவலை அல்ல.

இரண்டாவது கருத்து கனமானது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் ஒருவர், இது முழுக்க இரவல் சரக்கு என்றார். 1949இல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' நாவலின் 'பெரிய அண்ணன்' இன்றித் தமிழில் ஜீவா இல்லை. எங்கும் படமாகத் தோன்றி, உண்மையில் இருக்கிறானா என்றே அறிய முடியாத தலைவன் அங்கும் உண்டு என்பது அவர் வாதம். மறுப்பதற்கில்லை. ஆனால் ஆர்வெலின் உலகில் சிரிப்பவர் எவருமில்லை. அந்த இருண்ட வீட்டிற்குள் வாயாடி நாய் ஒன்றை அவிழ்த்துவிடலாம் என்று தோன்றியது சுஜாதாவுக்கு. இரவல் வாங்கிய வீடுதான், நாய் அவருடையது.

ஜீனோவைப் பற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினர். அது புத்தகம் படிக்கிறது, குறும்பு பேசுகிறது, மனிதர் பதறும்போது தான் பதறாமல் யோசனை சொல்கிறது. குழந்தைகளுக்கான பாத்திரம் என்று இதை ஒதுக்குவோரும் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. டக்ளஸ் ஆடம்ஸ் 1979இல் எழுதிய நகைச்சுவை அறிவியல் நாவலில் மார்வின் என்றொரு இயந்திர மனிதன் வருகிறான். கோள் அளவு மூளை படைத்தவன். அற்ப வேலைகளுக்கு ஏவப்பட்டு, ஓயாது மனம் நொந்து புலம்புகிறான். அறிவு மிகுந்தால் துயரம் மிகும் என்பது அந்த நகைச்சுவையின் அடித்தளம். ஜீனோ நேர்மாறு. படிக்கப் படிக்க அதற்கு உற்சாகமே பெருகுகிறது. அதைவிட முக்கியம், அது பக்கம் மாறுகிறது என்பது. உடைமையாளனுக்கு ஏவல்செய்யப் பிறந்த பொருள், ரவியும் மனோவும் நிலாவைப் பொம்மை ராணியாக்கி ஆட்டுவிக்கும்போது, அவள் பக்கம் நிற்கிறது. மனிதர் அனைவரும் ஏதேனும் ஒரு கணக்கோடு இயங்கும் கதையில், கணக்கு எழுதித் தரப்பட்ட இயந்திரம் ஒன்றுதான் அதனை மீறுகிறது. மனச்சான்று என்பதற்குச் சுஜாதா தந்த உருவம் இதுவெனில், அதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எப்படித் தள்ளுவது?

இவ்விடத்தில் நம்மூர்க்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்ற புதுமைப்பித்தன், 1943இல் 'கலைமகள்' இதழில் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதையில் கடவுளையே சென்னைத் தெருவில் இறக்கிவிட்டார். காப்பிக் கடைக்கு அழைத்துச் சென்று, கடைசியில் தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தாவும் வாங்கிக்கொள்கிறார் கந்தசாமிப் பிள்ளை. வெளியிலிருந்து வந்த ஒருவர் கண்ணால் நம்மைப் பார்க்க வைத்துச் சிரிக்கச் செய்யும் உத்தி அது. புதுமைப்பித்தனில் வந்தவர் கடவுள், சுஜாதாவில் நாய். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. புதுமைப்பித்தனைப் படித்து நகைத்தவர், ரிக்‌ஷாக்காரனின் கிழட்டு உடலை மறப்பதில்லை. நகைப்பு அங்கே காயத்தின் மீதே விழுகிறது. ஜீனோவின் குறும்பு அப்படியா?

இக்கேள்வியைக் கேட்டவர் நானல்லேன். மூலையில் பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருந்த, எண்பதை நெருங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. திண்ணையில் இருந்தோரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். அதுவரை வாய் திறவாதிருந்தவர், கணினிக்கார இளைஞரை நோக்கி, "ஏல, அந்த ஜீவா ஆட்சியில நான் எத்தனாவது பக்கத்துல செத்திருப்பேன்?" என்றார்.

சிரித்தோம். பிறகு ஒருவரும் பேசவில்லை. "அப்படி எல்லாம் சொல்லாதீங்க டீச்சர்" என்று இளைஞர் முணுமுணுத்தார். டீச்சர் விடவில்லை. ஒரு மணி நேரமாக நாயைப் பற்றிப் பேசுகிறீர்கள். கிழடுகளைக் கணக்குத் தீர்க்கும் சட்டம் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லையே என்றார். உண்மை. எதிர்காலத்தை எண்ணியவர், ஆர்வெலைத் தேடியவர், ஜீனோவை ஆராதித்தவர் எவர் கண்ணிலும் அது படவில்லை. நான் என்னையும் சேர்த்தே சொல்கிறேன். முதன்முதலில் இக்கதையை வாரந்தோறும் படித்தபோது, எண்ணெய் விளம்பரத்திற்கும் சமையல் குறிப்புக்கும் நடுவே அந்தச் சட்டத்தையும் ஒரு சுவையான கற்பனையாக விழுங்கியிருக்கிறேன்.

கற்பனைதானா? தென்மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்னும் சொல் எல்லாருக்கும் தெரியும். உரக்கச் சொல்வோர் குறைவு. படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்து விடியற்காலையில் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, ஓரிரு நாளில் 'போகச்' செய்யும் வழக்கம். 2010இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து இது செய்தித்தாள்களில் வெளிப்பட்டபோது நாடு திடுக்கிட்டது. கிராமங்கள் அவ்வளவு திடுக்கிடவில்லை. இதனைக் கருவாகக் கொண்ட 'பாரம்' திரைப்படம் தேசிய விருது பெற்றது. 2019இல் வெளிவந்த 'கே.டி. (எ) கருப்புதுரை'யோ இதே பொருளை நகைச்சுவையாகவே சொன்னது: தன்னைத் தீர்த்துவிட வீட்டார் பேசுவதைக் கேட்ட கிழவர் எழுந்து ஓடுகிறார், ஒரு சிறுவன் துணை சேர்கிறான். அப்படத்தில் நாம் சிரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கிழவர் உயிரோடிருக்கிறார் என்பதற்காகவே சிரிக்கிறோம். சிரிப்பு மறக்கச் செய்யவில்லை, காவல் நிற்கிறது.

எனவே, 'இரவல் சரக்கு' என்ற பேராசிரியரின் சொல்லை இந்த ஓரிடத்திலேனும் திருப்பித்தர வேண்டியிருக்கிறது. ஜீவாவின் சட்டப் புத்தகத்தில் நமக்கு மிக அருகில் இருந்தது முதியோர் பற்றிய அந்தப் பிரிவுதான். அதனை ஆர்வெலிடம் தேடிப் போக வேண்டியதில்லை. தாய் தந்தையரைப் போற்று என்று சிறு வயதிலேயே மறைக்கல்வியில் மனப்பாடம் செய்த நாமும் அதனை வெளிநாட்டுச் சங்கதியாகவே படித்தோம்.

பழி யார்மீது? முழுவதும் வாசகர்மீது போட மாட்டேன். சுஜாதா அந்தச் சட்டத்தைச் சொல்கிறார், கடந்துபோகிறார். அடுத்த வாரத்திற்குத் திருப்பம் வேண்டும். தொடர்கதையின் பசி அது. முதியோர் ஒருவரது அறையில் அவர் நம்மைச் சிறிது நேரம் அமர்த்தியிருந்தால், நாவல் வேறாகியிருக்கும். நிலாவின் பாத்திரமும் இந்த அவசரத்தால் மெலிந்தது. அவள் பயப்படுகிறாள், ஏமாறுகிறாள், ராணியாகிறாள். எதுவும் அவளுக்குள் தங்குவதில்லை. ஆசிரியரின் அன்பெல்லாம் நாயிடம் போய்விட்டது. நம்முடையதும் அப்படியே. ஜப்பானில் சோனி நிறுவனம் 1999இல் விற்கத் தொடங்கிய 'ஐபோ' என்னும் இயந்திர நாய்களைப் பழுதுபார்க்க வழியற்றுப் போனபின், புத்தக் கோவில் ஒன்றில் அவற்றிற்கு ஈமச்சடங்கு செய்தார்கள். இதை முதலில் படித்தபோது நகைத்தேன். இப்போது நகைக்க முடியவில்லை. அழத் தெரிந்தவர்கள் எதற்காகவேனும் அழுகிறார்கள் என்று தோன்றுகிறது.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்டில் அச்சமின்றிப் பேசும் ஒரே குரல் ஜீனோவுடையது. மனிதர் வாயடைத்த இடத்தில் நாய் வாயாடுகிறது. இத்தனை குறை சொன்ன பிறகும் இந்நூலை இளையோர் கையில் கொடுக்க நான் தயங்காததற்கு அது போதும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நூல் திண்ணையில் சண்டைக்கு உரியதாக இருப்பது எளிதன்று.

கூட்டம் கலையும்போது டீச்சர் என் பையிலிருந்த 'மீண்டும் ஜீனோ'வைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பத்து நாள் கழித்துப் பேரன் கையில் கொடுத்தனுப்பினார். பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் சில கோடுகள் இருந்தன. எல்லாம் நாய் பேசும் இடங்கள்.