முதல் ஊசியும் மூன்றாம் நாளும்

ஐப்பசி மழையில் எம்.கே.பி. நகர்த் தெருக்களில் தேங்கிய தண்ணீர் வடிந்த சில நாட்களுக்கெல்லாம், கடுங்காய்ச்சலும் மூச்சிரைப்பும் கண்டவர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உறவினர் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு விரைவது வடசென்னை நன்கறிந்த காரியம். பெரிய மருத்துவமனை எதுவாயினும், அதன் அவசர சிகிச்சைப் பிரிவில் நோய் இன்னதென்று நிச்சயப்படுமுன்பே ஆன்டிபயாடிக் ஊசி போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தின் குணதோஷங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியம்.

கிருமித்தொற்று முற்றி, ரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தளரும் ‘செப்சிஸ்’ நிலையில் தாமதம் பிராணாபாயமாகும். அழுத்தம் சரிந்தபின் உரிய மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பிழைப்போர் விகிதம் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்ததென 2006-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கிருமியை வளர்த்து இன்னதென்று கண்டறியும் ‘கல்ச்சர்’ சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாட்களாகும்; அதுவரை வைத்தியர் கைகட்டி நிற்பது தர்மமாகாது.

ஆயினும் இந்த நியாயம் எல்லாக் காய்ச்சலுக்கும் செல்லாது. டெங்குவோ வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலோ, தாராளமாகப் போடப்படும் செஃப்ட்ரியாக்சோனுக்குக் கட்டுப்படாமல், டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற மருந்துகளுக்கே கட்டுப்படும். ரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து, அதிர்ச்சியின்றிச் செப்சிஸ் என்ற சந்தேகம் மட்டும் இருந்தால் ஆராய்ந்து மூன்று மணி நேரத்துக்குள் என்று 2021-ஆம் ஆண்டின் சர்வதேச நெறிமுறை பகுத்ததும் இந்த வேற்றுமையை உணர்ந்தே.

இப்பகுப்பை மறந்ததால் விளையும் கேடு ஒரு நோயாளியோடு நிற்பதில்லை; தேவையின்றிப் போடும் மருந்து, அதற்கு அடங்காத கிருமிகள் பெருக வழிசெய்கிறது. கார்பபெனம் என்னும் கடைசிக்கட்ட மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 நொதியுள்ள கிருமிகள் சென்னை நோயாளிகளிடமும் காணப்பட்டதை 2010-இல் உலகம் அறிந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்ள 2012-இல் மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ வகுக்க நேர்ந்தது.

மூலதோஷம், என் அபிப்பிராயத்தில், மருந்தைத் தொடங்குபவர் ஒருவராகவும் நிறுத்த வேண்டியவர் வேறொருவராகவும் இருப்பதிலேயே உள்ளது. நோயாளி வார்டுக்குப் போனபின், கல்ச்சர் முடிவைத் தேடிப் படித்து, வலிய மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ துணிவதற்கு நெரிசல் மிகுந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் அவகாசமில்லை.

ஆகவே முதல் ஊசியின் வேகத்தைக் குறைக்கச் சொல்வது பிழை. ஊசிக்கு முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கவும், மருந்தின் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதவும், மூன்றாம் நாளுக்குள் அதை மறுபரிசீலனை செய்யவும் விதி வேண்டும். இரவிலும் இயங்கும் ஆய்வுக்கூடமும் போதிய செவிலியரும் தருவது அரசின் கடமை. அவற்றைத் தராமல் வைத்தியரை மட்டும் கடிந்துகொள்வது நீதியாகாது.