அத்தோவும் அசலும்

சென்னைப் பாரிமுனையில், பர்மா பஜாருக்குப் பின்புறம் செகண்ட் லைன் பீச்சில் சாயங்காலமானதும் தள்ளுவண்டிகளில் விற்கும் அத்தோ அசல் பர்மியச் சாப்பாடு அல்ல என்று ரங்கூன் போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். தகவலில் பிழையில்லை. அங்கே இந்தக் கலவையில் மீன்சாறு சேரும், காய்ந்த இறாலின் பொடி சேரும், வறுத்த கடலைமாவு சேரும். இங்கே மீன்சாறும் இறாலும் காணாமல் போய்விட்டன. நூடுல்ஸுக்கு ஆரஞ்சு நிறம் ஏறிவிட்டது. முட்டைக்கோசும் வெங்காயமும் மிளகாய்த்தூளும் புளித்தண்ணீரும் தூக்கலாகிவிட்டன. பக்கத்தில் கிண்ணத்தில் ஊற்றித் தருகிற வாழைத்தண்டு சூப், மொஹிங்காவிலிருந்து மீனைக் கழித்தால் கிடைக்கும் மிச்சம். பெயர்கூட முழுதாக வந்து சேரவில்லை. பர்மிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கையால் பிசைந்து கலந்தது என்றுதான் அர்த்தம். தேயிலையைப் பிசைந்தாலும் அத்தோதான், இஞ்சியைப் பிசைந்தாலும் அத்தோதான். நூடுல்ஸ் அவற்றில் ஒரு வகை. புளியோதரையை எங்கோ தூரதேசத்தில் ‘கலந்தது’ என்று மட்டும் எழுதிவைத்து விற்கிற மாதிரி.

இவ்வளவும் சரி. இதிலிருந்து ‘ஆகவே இது போலி’ என்று முடிவுகட்டுகிறார்களே, அங்கேதான் எனக்குத் தகராறு.

இதைக் கொண்டுவந்தவர்கள் யார் என்று பார்க்கவேண்டும். 1942ல் ஜப்பானியர் வந்தபோது ஒரு கூட்டம் காட்டுவழியாக நடந்தே வந்தது. வெ. சாமிநாத சர்மா நடந்தார். அதை ஒரு புத்தகமாகவும் எழுதினார். மிஞ்சியவர்களையும் யுத்தத்துக்குப் பின் திரும்பிப் போனவர்களையும் 1962ல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசாங்கம் வெளியே தள்ளிற்று. 1964ல் கடைகள் தேசியமயமாயின; அந்த ஆண்டே நூறு, ஐம்பது சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கையிலிருந்தது காகிதமாகி, கப்பலேறி, சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். சர்க்கார் பாஷையில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. (பர்மாவிலேயே பிறந்து இந்தக் கரையை அதுவரை பார்த்திராதவனுக்கும் இதே பெயர்தான்.) துறைமுகத்தை ஒட்டிய நடைபாதையில் சர்க்கார் இடம் ஒதுக்க, 1960களின் கடைசியில் பர்மா பஜார் எழுந்தது. அதன் முதுகுப்பக்கம் வளர்ந்ததுதான் அத்தோ வண்டி.

அத்தோ கலக்கியவனும் அன்று அதை வாங்கித் தின்றவனும் ஒரே கப்பல்காரர்கள். மீன்சாறு இல்லாதது இருவருக்கும் தெரியும். ‘அங்கே இப்படி இருக்காது’ என்று சொல்லக்கூடிய நாக்கு வண்டிக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. அந்த நாக்குக்குப் பதில் சொல்லியாகவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் பூண்டு எண்ணெய் வந்தது, பொரித்த வெங்காயம் வந்தது, நொறுக்கிப் போட பேஜோ வந்தது. இல்லாததற்கு ஈடுகட்ட இருந்ததை வைத்து இட்டுக்கட்டிய ருசி இது. அதை நகல் என்று சொல்வது சுலபம். எனக்கென்னவோ, மூலமொழியில் இருப்பது தன் மொழியில் இல்லை என்று தெரிந்துகொண்டே வேலை செய்கிற நல்ல மொழிபெயர்ப்பாளனின் காரியமாகத்தான் படுகிறது.

லெபனானிலிருந்து போனவர்கள் கதையும் இப்படித்தான். அமெரிக்க நகரங்களில் அவர்கள் உணவகம் திறந்தபோது பலர் லெபனான் என்ற பெயரையே பலகையில் போடவில்லை. மத்தியதரைக்கடல் உணவு என்று பொதுவாக எழுதிவைத்தார்கள். வந்து சாப்பிடுகிற அமெரிக்கன் இன்று அங்கே அசல் எது என்று விசாரணை நடத்துகிறான். மெக்ஸிகோவில் புவெப்லா நகரத்துக்குப் போனவர்களின் கதி இன்னும் சுவாரஸ்யம். செங்குத்துக் கம்பியில் அடுக்கிச் சுழலவிட்டுச் சுட்டுச் சீவும் ஆட்டிறைச்சி அங்கே பன்றியிறைச்சியாயிற்று. ரொட்டியின் இடத்துக்குப் பின்னால் மக்காச்சோள அடை வந்தது. ‘மேய்ப்பன் பாணி’ என்ற அர்த்தத்தில் அதற்கு ஸ்பானியப் பெயரும் வைத்தாயிற்று. இன்று அது அசல் மெக்ஸிகன் உணவு. லெபனான்காரன் வந்து உரிமை கொண்டாடினால் சிரிப்பார்கள். ஷவர்மா என்ற சொல்லே துருக்கியிலிருந்து வந்தது என்பதையும் அவனுக்கு ஞாபகப்படுத்துவார்கள். அசலைத் தேடிப் பின்னால் போகிறவனுக்கு நிற்க இடம் கிடைப்பதில்லை. ரங்கூனில் நம்மிடமிருந்து போன சமோசாவை வெட்டிப்போட்டு, புளியும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, அதையும் ஓர் அத்தோ ஆக்கிவிட்டார்கள். (சமோசா நம்முடையதா என்று கேட்காதீர்கள்.)

அப்படியானால் எல்லாம் மாறிக்கொண்டேதான் இருக்கும், அசல் என்று எதுவுமில்லை என்று சொல்லிவிடலாமா? இப்போது இதுவும் ஒரு பாஷனாகிவிட்டது. சோம்பேறித்தனமான பேச்சு. அத்தோவில் நல்லதும் கெட்டதும் உண்டு என்பது பாரிமுனையில் வேலைபார்த்துவிட்டுத் தினம் அந்தப் பக்கம் போகிறவனுக்குத் தெரியும். பேஜோ நமத்திருந்தால் தெரியும். பூண்டு எண்ணெயில் சிக்கனம் பண்ணினால் தெரியும். புளித்தண்ணீர் நேற்றையது என்றால் முதல் வாயிலேயே தெரியும். பர்மாவைப் படத்தில்கூடப் பார்த்திராத சுமைதூக்குபவரும் கடைச் சிப்பந்தியும் குமாஸ்தாவும் இந்தத் தீர்ப்பைச் சொல்கிறார்கள். அவர்கள் அளக்கிற கோல் ரங்கூனில் இல்லை, அந்த வண்டியிலேயே இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தின்று தின்று உண்டான கோல். ரங்கூன்காரர் வந்தால் வேறு உணவை வைத்து இதை அளந்துவிட்டுப் போவார். பூரிக்கு அப்பளத்தை வைத்துத் தீர்ப்பு.

இதற்கு நேரெதிரான வஸ்து எங்கள் பக்கம் இருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சி போகிற நெடுஞ்சாலையில், பெரம்பலூரைத் தாண்டியும் தாண்டாமலும், ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்ற பலகைகள். 2010ஐ ஒட்டிய வருஷங்களில் முளைக்க ஆரம்பித்தவை. பித்தளை டபரா உண்டு, பித்தளை தம்ளர் உண்டு. தகவல் ரீதியில் அத்தோவைவிட ஆயிரம் மடங்கு அசல். டிகிரி என்பது பால்மானியில் பார்த்த பாலின் அளவு என்று ஒரு விளக்கம், சிக்கரி என்ற சொல் திரிந்தது என்று இன்னொரு விளக்கம். எதுவானாலும் இந்தக் கடைகளைப் பாதிக்காது. ஏனென்றால் இங்கே குடிக்கிறவன் கார்க்காரன். ஒரு தடவை நிறுத்துவான், குடிப்பான், போய்விடுவான். அடுத்த தடவை வேறு பலகை. கும்பகோணத்தில் ‘இன்னிக்குக் காப்பி சரியில்லை’ என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையும் அதே பெஞ்சில் வந்து உட்கார்கிற மனிதர் இருந்தார். அவருக்குப் பயந்து காப்பி போடவேண்டியிருந்தது. பலகையோடும் டபராவோடும் அந்த மனிதர் வந்து சேரவில்லை. காப்பி சுமாராகவே இருக்கலாம், நன்றாகக்கூட இருந்து தொலைக்கலாம். தட்டிக்கேட்க ஆளில்லாத காப்பி அது.

நம் இலக்கியத்தில் மண்வாசனை என்று கொண்டாடப்படுவதில் பெரும்பகுதி இந்தப் பித்தளை டபராதான் என்பது என் அபிப்பிராயம். நாலு வட்டாரச் சொல், ஒரு கொடை, ஒரு சாமியாட்டம், பின்னால் அருஞ்சொல் அகராதி. அந்த ஊர்க்காரனல்லாத வாசகன் ஒரு தடவை நிறுத்திக் குடித்துவிட்டு ‘அசல்’ என்று எழுதிவிடுகிறான். அந்த ஊர்க்காரன் மட்டும்தான் தீர்ப்புச் சொல்லலாம் என்று நான் வாதிடவில்லை. அப்படியென்றால் அத்தோவுக்கு இன்று நீதிபதியே கிடையாது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972ல் புத்தகமாக வந்தது. மெடானையும் பினாங்கையும் யுத்தகாலத்தில் பார்த்த தமிழ் வாசகர் எத்தனை பேர்? மலாய்ச் சொற்கள் கலந்து ஓடுகிற அந்த வசனத்தைச் சரிபார்க்க யாரால் முடிந்தது? வந்தபோது அதிகம் பேர் கண்டுகொள்ளவுமில்லை. பிற்பாடு சிலர் திரும்பத் திரும்ப அதனிடம் போனார்கள். போனவர்களுக்கு, எந்த இடத்தில் வசனம் தளர்கிறது, எந்த இடத்தில் பாண்டியன் பேசுவது ஆசிரியரின் பேச்சாகிவிடுகிறது என்றெல்லாம் சொல்லமுடிந்தது, மெடானுக்குப் போகாமலே.

புதுக்கவிதை மேற்கின் நகல் என்ற பழைய குற்றச்சாட்டையும் இந்தத் தளத்தில் வைத்துப் பார்க்கலாம். 1959ல் ‘எழுத்து’ தொடங்கிய நாளிலிருந்து இதைக் கேட்டுவருகிறோம். எங்கிருந்து வந்தது என்று காட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் மீன்சாற்றைத் தேடுகிறவர்கள். எனக்கு வேறு கவலை. ஒரு கவிதை நமத்துப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, கண்டுபிடித்ததை அந்தக் கவிஞனின் முகத்துக்கு நேரே சொல்லி, அடுத்த இதழையும் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் மிச்சமிருக்கிறோம்? நம் பத்திரிகைகளில் வருகிற மதிப்புரைகளில் பாதி நெடுஞ்சாலையில் எழுதப்பட்டவை.

அத்தோ வண்டிகளில் இப்போது கையுறை போட்டுக்கொண்டு கலக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கையால் பிசைவது என்ற அர்த்தத்துக்கு நடுவே ஒரு ரப்பர் வந்துவிட்டது. பழைய வாடிக்கைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். உப்பு சரியாகப் பரவவில்லையாம். முணுமுணுத்துவிட்டு இன்னொரு தட்டு கேட்கிறார்கள்.