பெட்டியோடு வந்த ஆட்டம்

1989-இல் வெளிவந்த நின்டெண்டோவின் கேம் பாயைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அதன் குறைகள்தான். பாசி நிறத் திரை, அதில் நான்கே சாயல்கள். உள்ளிருந்து வெளிச்சம் வராது. ஜன்னலோரத்திலோ விளக்கடியிலோ சாய்த்துப் பிடித்தால்தான் படம் தெரியும். வேகமாக நகரும் எதுவும் பின்னால் ஒரு மங்கலான வாலை இழுத்துக்கொண்டே போகும். அதே ஆண்டு அடாரி கொண்டுவந்த லிங்க்ஸில் வண்ணத்திரையும் பின்னொளியும் இருந்தன. ஆனாலும் கேம் பாயும் பின்னாளில் வந்த அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து ஏறத்தாழ 11.87 கோடி விற்றன. இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை மட்டும் நான் கலைப்படைப்பைப் போலவே ரசிக்கிறேன்: அமெரிக்காவில் அந்தப் பெட்டிக்குள் எந்த ஆட்டத்தை வைத்துக் கொடுப்பது என்று எடுத்த முடிவு.

வைக்க மரியோ இருந்தார். நின்டெண்டோவின் செல்லப்பிள்ளை, கேம் பாய்க்கென்றே ‘சூப்பர் மரியோ லேண்ட்’ உருவாகியிருந்தது. ஆனால் டெட்ரிஸின் உரிமைக்காக மாஸ்கோ வரை போன ஹென்க் ரோஜர்ஸ், நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளைத் தலைவர் மினோரு அரகாவாவிடம் வேறு கணக்குச் சொன்னார்: மரியோவை வைத்தால் சிறுவர்கள் வாங்குவார்கள், டெட்ரிஸை வைத்தால் எல்லோரும் வாங்குவார்கள். அரகாவா ஏற்றுக்கொண்டார். சந்தைக் கணக்கு என்ற அளவிலேயே இது கெட்டிக்காரத்தனம்தான். அதைவிட அழகானது, அந்த ஆட்டம் அந்தத் திரைக்குப் பொருந்திய விதம். மரியோ ஓடும்போது முழுத் திரையும் கூடவே நகர்கிறது, எல்லாம் கலங்குகிறது. டெட்ரிஸில் பின்னணி அசைவதே இல்லை. பத்துக் கட்ட அகலம், பதினெட்டுக் கட்ட உயரமுள்ள கிணற்றுக்குள் ஒரே ஒரு கட்டை, கட்டம் கட்டமாக, நின்று நின்று இறங்குகிறது; கண் தேடுவது அது உட்காரப்போகும் பள்ளத்தைத்தான், ஆகவே மங்கல் உறுத்துவதில்லை. வண்ணமும் தேவையில்லை, ஏழு கட்டைகளுக்கும் ஏழு உருவம் போதும். 1984-இல் அலெக்ஸி பஜித்னோவ் இதை முதலில் எழுதியதே எழுத்துகளை மட்டும் காட்டத் தெரிந்த சோவியத் கணினி ஒன்றில். கட்டைகளை அவர் அடைப்புக்குறிகளால் வரைந்தார். ஏழை வீட்டில் பிறந்த ஆட்டம் என்பதால்தான் ஏழைத் திரையில் அது கூச்சப்படவில்லை. கதை கிடையாது, படிக்க எதுவும் கிடையாது, இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தால் அப்படியே அணைத்து வைத்துவிடலாம்.

விற்றது விலையாலும் பேட்டரியாலும்தான் என்று ஒரு மறுப்பு உண்டு. லிங்க்ஸின் விலை ஏறத்தாழ இரு மடங்கு. ஆறு பேட்டரி போட்டும் சில மணி நேரத்தில் அணைந்துவிடும். கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும். மறுக்கவில்லை, அது வடிவமைப்பாளர் குன்பெய் யோகோயின் நிதானத்துக்குக் கிடைத்த பலன். ஜப்பானில் பெட்டிக்குள் டெட்ரிஸ் இல்லாமலே கேம் பாய் விற்கத் தொடங்கியது என்பதும் உண்மை. ஆனால் குறைந்த விலை, வாங்காமலிருக்க ஒரு காரணத்தை நீக்குகிறது, அவ்வளவுதான். வாங்க ஒரு காரணம் வேண்டுமே! பத்து மணி நேரம் ஓடும் கருவிக்குப் பத்து மணி நேரமும் சலிக்காத ஆட்டம் வாய்த்தபோதுதான் அந்த பேட்டரிக்கே அர்த்தம் வந்தது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. 1996-இல் நின்டெண்டோ 64-உடன் வந்த ‘சூப்பர் மரியோ 64’, முப்பரிமாண ஆட்டம் எப்படி இருக்கவேண்டும் என்றே கற்றுக்கொடுத்த படைப்பு. கருவிக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது. ஆனாலும் அந்தக் கருவி 3.29 கோடியில் நின்றது, சோனியின் பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது. அப்படியானால் தேர்வால் என்ன பயன்? இங்கே தேர்வு என்ற சொல்லைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கிறது. சிடி வேண்டாம், கேட்ரிட்ஜே போதும் என்று நின்டெண்டோ முடிவெடுத்த அன்றே, தன் வீட்டுக்கு எந்த ஆட்டங்கள் வரமாட்டா என்பதையும் சேர்த்தே முடிவுசெய்துவிட்டது. ஸ்கொயர் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்குப் போனது. 1997-இல் அதன் ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ மூன்று சிடிகளில் வந்தது. ஒரு ஆட்டத்தை அருமையாகத் தேர்ந்தவர்கள், தெரியாமலே பல ஆட்டங்களை வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

2006-இல் வந்த நின்டெண்டோவின் வீ கருவியில் பழைய கைநேர்த்தி திரும்பியது. ஜப்பானில் ‘வீ ஸ்போர்ட்ஸ்’ தனியாக விற்கப்பட்டது. அமெரிக்காவில் அதைப் பெட்டியோடு கொடுக்கவேண்டும் என்று அமெரிக்கக் கிளையின் அப்போதைய தலைவர் ரெஜி ஃபிஸ்-எமே விடாப்பிடியாக நின்றார். அதிலுள்ள டென்னிஸைப் பாருங்கள்: மைதானத்தில் உங்கள் ஆள் தானாகவே ஓடுகிறான், நீங்கள் கையை வீசினால் போதும். பட்டன்களைக் கண்டாலே ஒதுங்குகிறவர்களுக்கும் அந்தக் கருவி என்னவென்று ஒரே வீச்சில் புரிந்துவிடுகிறது. வீ 10.16 கோடி விற்றது. அடுத்து வந்த வீ யூ, கையில் ஒரு திரை, தொலைக்காட்சியில் ஒரு திரை என்று இரண்டைக் கொடுத்தும், இரண்டு எதற்கு என்று அப்படி ஒரே வீச்சில் சொல்லும் ஆட்டம் கிடைக்காமல் 1.36 கோடியோடு முடிந்தது.

2017 மார்ச் 3 அன்று ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ ஆட்டம் வீ யூ, அதற்கடுத்த கருவியான ஸ்விட்ச் இரண்டுக்கும் ஒரே நாளில் வந்தது. அதே மலைகள், அதே புல்வெளி, அதே காற்று. வீ யூ அதனால் பிழைக்கவில்லை. ஸ்விட்சில் மட்டும், தொலைக்காட்சியில் பாதி மலை ஏறியவர் கருவியை அதன் தாங்கியிலிருந்து உருவிக்கொண்டு போய், படுக்கையில் சாய்ந்தபடி மீதி மலையை ஏற முடிந்தது.