கேட்கத் தெரிந்த முகம்

'ஆடுகளம்' படத்தில் துரையாக வருபவர் கன்னட நடிகர் கிஷோர். சேவல்காரனின் அந்தத் தோரணை, ஆளை எடைபோடுகிற பார்வை எல்லாம் அவருடையவை. குரல் மட்டும் சமுத்திரக்கனியுடையது. 2011 பொங்கலுக்குப் படம் வந்தபோது பலருக்கு இது தெரியாது. தெரிந்த பிறகும் காதுக்கு உறுத்தவில்லை. அதே படத்தில் பேட்டைக்காரனாக நடித்த ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனுக்கு ராதாரவி குரல் கொடுத்தார். அது ராதாரவி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். துரையின் குரலை அப்படிப் பிரித்துச் சொல்வது கஷ்டம். அது துரைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

இன்னொருவரின் வாயசைவுக்கு வசனம் பேச முதலில் வேண்டியது காது. திரையில் இருப்பவன் எங்கே மூச்சு விடுகிறான், எந்தச் சொல்லை முழுங்குகிறான் என்று கவனித்தால்தான் டப்பிங் ஒட்டும். சமுத்திரக்கனியின் நடிப்பை ரசிக்கத் தொடங்க இதுவே நல்ல இடம். தமிழ் சினிமாவில் வசனம் பேசத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. எதிராளி பேசும்போது மெய்யாகவே கேட்டுக்கொண்டிருப்பவர்களைத்தான் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுத் தெற்கே வந்தால் ராஜபாளையம். அங்கிருந்து தென்காசி சாலையைப் பிடித்தால் சேத்தூர். மேற்கே மலை கூடவே வரும். பால்கோவா, பஞ்சாலை, வெள்ளை வேட்டைநாய் என்று இந்தப் பக்கத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை வேறு. சமுத்திரக்கனி 1973இல் பிறந்தது இந்தச் சேத்தூரில்.

நடிக்கத்தான் சென்னைக்கு வந்தார். கிடைத்தது உதவி இயக்குநர் வேலை. சுந்தர் கே. விஜயனிடம் தொடங்கி, கே. பாலசந்தரிடம் போய்ச் சேர்ந்தார். பாலசந்தரின் நூறாவது படமான 'பார்த்தாலே பரவச'த்தில் (2001) உதவியாளராக இருந்தார். 2003இல் 'உன்னைச் சரணடைந்தேன்' வழியாக இயக்குநர். இங்கே ஒரு வேடிக்கை. அந்தப் படத்தில் நடித்த வெங்கட் பிரபு, நாலே வருஷத்தில் தெருக் கிரிக்கெட் விளையாடும் பையன்களை வைத்து 'சென்னை 600028' எடுத்து இயக்குநராகிவிட்டார். உடன் நடித்த எஸ்.பி.பி. சரண் அதற்குத் தயாரிப்பாளர். இருவரையும் இயக்கியவரோ நடிகராக அடையாளம் பெற இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. கோடம்பாக்கத்தில் யார் எந்த நாற்காலிக்குப் போவார் என்று எந்தச் சோசியரும் சொல்ல முடியாது.

விஜயகாந்தை வைத்து எடுத்த 'நெறஞ்ச மனசு' (2004) கைகொடுக்கவில்லை. அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். இரண்டு படம் இயக்கிய கையோடு, அமீரின் 'பருத்திவீர'னில் (2007) இணை இயக்குநராக வேலை பார்த்தார். சினிமாக்காரர்களுக்குத்தான் தெரியும் இது எவ்வளவு பெரிய இறக்கம் என்று. நேற்று வரை 'டைரக்டர் சார்' என்று கூப்பிட்ட ஆட்கள் நடுவில், இன்னொருவர் 'ஆக்‌ஷன்' சொல்வதற்காகக் காத்து நிற்க வேண்டும். மெகா சீரியல் இயக்கவும் அவர் தயங்கவில்லை. தோற்றவர் என்று ஊர் சொல்லும் வருஷங்களில் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார் என்றே படுகிறது.

அந்தப் படிப்பின் பலன் 2008 ஜூலையில் தெரிந்தது. சசிகுமாரின் 'சுப்பிரமணியபுர'த்தில் கனகு. அண்ணனுக்குக் கட்சிப் பதவி கிடைக்காத அவமானத்தைச் சொல்லி, வேலைவெட்டி இல்லாத இரண்டு பையன்களைக் கொலைக்குத் தூண்டிவிடுகிறவன். காரியம் முடிந்ததும் அவர்களைக் கைகழுவுகிறவன். வில்லன் என்றால் கண்ணை உருட்ட வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். கனகு உருட்டவில்லை. அவன் சொந்தக்காரன் மாதிரிப் பேசுகிறான். கல்யாண வீட்டில் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போகும் சித்தப்பா மாதிரி. அந்தப் பையன்கள் ஏமாறும்போது பார்க்கிற நாமும் ஏமாந்துதான் போனோம். அவன் ஆட்டோவில் சாகிற காட்சியில் அரங்கம் கைதட்டியதென்றால், அவ்வளவு தூரம் அவனை நம்பியிருந்தார்கள் என்று அர்த்தம்.

அடுத்த வருஷம் 'நாடோடிகள்'. இயக்குநராகவும் ஜெயித்தார். நண்பனின் காதலுக்காகக் காலையும் காதையும் இழக்கிற பையன்களின் கதை தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று போனது. தெலுங்கில் அவரே இயக்கினார்.

இருந்தாலும் அவருடைய உச்சம் வெற்றிமாறனின் 'விசாரணை'தான். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் சிறை அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து பிறந்த படம். 2015இல் வெனிஸ் விழாவுக்குப் போய், 2016 பிப்ரவரியில் இங்கே வெளியானது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி குண்டூரில் அடிபட்டுச் சிதைந்த தமிழ்க் கூலிப் பையன்கள் கோர்ட்டில் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தெலுங்கு தெரியாது; நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. வேறு வேலையாக அங்கே வந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல், பையன்கள் சொல்வதை மொழிபெயர்க்கிறார்.

இந்த இடத்தில் சமுத்திரக்கனி செய்வது மிகக் கொஞ்சம். நெஞ்சை நிமிர்த்தவில்லை, நியாயத்துக்காகக் குரலை உயர்த்தவில்லை. பையன் சொல்வதை வாங்கிக்கொள்கிறார். அது காதிலிருந்து முகத்துக்கு வர ஒரு நொடி ஆகிறது. பிறகுதான் வாய் திறக்கிறது. அந்த ஒரு நொடியில் போலீஸ்காரன் மனிதனாகிறான். படத்தின் பிற்பகுதியில் அதே முகம் மேலதிகாரி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கும். இப்போது மனிதன் திரும்பவும் போலீஸ்காரனாக வேண்டும், முடியவில்லை. வசனம் எதிராளிக்கு, நடிப்பு இவருக்கு. 63ஆவது தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது இதற்குத்தான் கிடைத்தது. அந்தப் படத்தில் முத்துவேல் கோர்ட்டுக்குத் தேடி வந்த ஆடிட்டர் வேறு யாருமில்லை, கிஷோர். 'ஆடுகள'த்தில் யாருக்குக் குரல் கொடுத்தாரோ அவரேதான்.

இனி ஒரு குறை. தானே இயக்கும்போது சமுத்திரக்கனி நிறையப் பேசிவிடுகிறார். 'அப்பா'வில் (2016) வரும் தயாளன் நல்ல தகப்பன். ஆனால் நாலு காட்சிக்கு ஒரு தடவை மைக் முன்னால் நிற்கிறவராகிவிடுகிறார். அன்பழகன் இயக்கிய 'சாட்டை'யில் (2012) அரசுப் பள்ளி வாத்தியாராக வந்து பெற்றோர்களின் மனதைப் பிடித்தது உண்மை. அந்த வாத்தியார் அதன்பிறகு அவரை விட்டுப் போகவே இல்லை என்பதுதான் சங்கடம். இயக்குநர் சமுத்திரக்கனி சொல்ல வருகிறார். நடிகர் சமுத்திரக்கனி கேட்க வருகிறார். ரசிகனுக்குப் பின்னவர்தான் வேண்டும். இருவரும் ஒத்துப்போனது 'விநோதய சித்த'த்தில் (2021). செத்துப்போன தம்பி ராமையாவுக்கு 90 நாள் அவகாசம் கொடுத்துவிட்டுக் கூடவே இருந்து வேடிக்கை பார்க்கும் 'காலம்' அவர். பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்தப் பாத்திரத்துக்கே வேலை.

'வட சென்னை'யை (2018) மறுபடி பார்க்க நேர்ந்தால் முதல் காட்சியில் கொஞ்சம் நில்லுங்கள். 1987. ஒரு கொலையை முடித்துவிட்டு நாலு பேர் ஹோட்டல் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கிஷோர், ஒருவர் குணாவாக வரும் சமுத்திரக்கனி. செத்தவன் ராஜன் என்பதும், ராஜனாக நடித்தவர் அமீர் என்பதும் பிறகுதான் தெரியவரும். 'பருத்திவீரன்' செட்டில் சமுத்திரக்கனி யாரிடம் வேலை பார்த்தாரோ, அந்த அமீர். மேசையில் யார் பேசினாலும் பேசட்டும், நீங்கள் குணாவின் முகத்தை மட்டும் பாருங்கள்.